7-ஐ 2-ஆல் வகுத்தால் 4: கணித மென்பொருள்கள் முழு எண்களை வகுக்கும் விதம்

மேட்லேப் என்ற கணித மென்பொருளில் இன்ட்32(7)/இன்ட்32(2) என்று கொடுத்தால், அதாவது 7-ஐயும் 2-ஐயும் முழு எண் வகையாக வைத்து வகுக்கச் சொன்னால், 4 என்று விடை வருகிறது. கையால் போட்டால் 3.5. சி மொழியில் பழகியவர் 3-ஐ எதிர்பார்ப்பார். 4 வரும் என்று நினைத்து யாரும் அந்த வரியை எழுதுவதில்லை. எச்சரிக்கை எதுவும் வராது, நிரலும் நிற்காது. அந்த 4 அடுத்த வரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த வரிக்குப் போகும். கடைசியில் வரைபடம் ஏதோ ஒரு இடத்தில் கோணலாகத் தெரியும்போதுதான் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று புரியும்.

இதை மென்பொருளின் பழுது என்று நினைப்பவர்கள் பலர். பழுது இல்லை. மேட்லேப்பின் ஆவணத்தில் எழுதியிருப்பதுதான் நடக்கிறது. ஆனாலும் குழப்பம் நியாயமானது. "/" என்ற ஒரே குறிக்கு ஒவ்வொரு மென்பொருளும் வேறு பொருள் வைத்திருக்கிறது. அந்தப் பொருளும் குறியின் இரு பக்கமும் இருக்கும் எண்களின் வகையைப் பொறுத்து மாறுகிறது. எழுதிய வரியைப் பார்த்தால் இது தெரியாது. அதனால் அடியிலிருந்து வருவோம்.

## பள்ளியில் படித்த இரண்டு வகுத்தல்கள்

வகுத்தல் என்ற பெயரில் நாம் இரண்டு வேறு கணக்குகளைப் படித்திருக்கிறோம். சின்ன வகுப்பில் 7-ஐ 2-ஆல் வகுத்து, ஈவு 3, மீதி 1 என்று எழுதினோம். பின்னங்கள் வந்த பிறகு அதே கணக்குக்கு விடை 3.5 ஆகிவிட்டது. முதல் கணக்கில் விடையாக இரண்டு எண்கள் வருகின்றன, இரண்டும் முழு எண்கள். இரண்டாவதில் விடை ஒரே எண், அது முழு எண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஈவு, மீதிக் கணக்குக்கு அடிப்படையான உறவு இதுதான்:

வகுபடும் எண் = வகுக்கும் எண் × ஈவு + மீதி

மீதியின் அளவு வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. மிகை எண்களில் மீதியும் மைனஸ் ஆகாது என்றே எடுத்துக்கொள்வதால் இந்த விதிகள் போதும், ஒரே ஒரு விடைதான் பொருந்தும். மைனஸ் எண் வந்தவுடன் சிக்கல் தொடங்குகிறது. -7-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள்:

-7 = 2 × (-3) + (-1)
-7 = 2 × (-4) + 1

இரண்டுமே உறவை நிறைவு செய்கின்றன. மீதி பூச்சியமாகவோ மிகையாகவோ இருக்க வேண்டும் என்று சொல்லி, எண் கோட்பாட்டில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிரல் மொழிகள் இதில் ஒத்துப்போகவில்லை. சி மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரநிலை, மைனஸ் எண்களுக்கு எந்த விடை வர வேண்டும் என்பதை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் அந்தந்தக் கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. 1999-ஆம் ஆண்டுத் தரநிலைதான் முதல் விடையை, அதாவது -3-ஐ, உறுதி செய்தது.

## 7 வேறு, 7.0 வேறு

கணினியில் ஓர் எண்ணுக்கு மதிப்பு மட்டும் இருந்தால் போதாது, வகையும் வேண்டும். இந்தக் கட்டுரைக்குத் தேவையானவை இரண்டு வகைகள்.

1. முழு எண் வகை. இன்ட்8, இன்ட்32, யுஇன்ட்8 போன்றவை. பின்னால் உள்ள எண், எத்தனை பிட் (0 அல்லது 1 வைக்கும் இடம்) என்பதைக் குறிக்கிறது. இன்ட்32-இல் -2147483648 முதல் 2147483647 வரைதான் இடம். யுஇன்ட்8-இல் மைனஸ் எண்ணே கிடையாது, 0 முதல் 255 வரை மட்டும். இந்த வகையில் 3.5-ஐ வைக்க இடமே இல்லை.

2. மிதவைப் புள்ளி வகை. பெரும்பாலும் "டபுள்" என்று அழைக்கப்படுவது. 64 பிட்டில் தசமங்களையும் மிகப் பெரிய எண்களையும் வைக்கும். ஆனால் துல்லியம் 53 பிட் வரைதான்.

மேட்லேப்பில் நீங்கள் வெறுமனே 7 என்று எழுதினால் அது டபுள். அதனால் 7/2 என்று நேராகக் கொடுத்தால் 3.5 சரியாகவே வரும். மேட்லேப்பைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்களுக்கும் இந்தச் சிக்கல் புதிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். முழு எண் வகை உள்ளே வந்தால்தான் விதி மாறுகிறது. சி மொழியில் நிலைமை நேர்மாறு. அங்கே 7 என்று எழுதினாலே அது முழு எண் வகை. 7/2 எப்போதும் 3.

## அரைப் பங்கை என்ன செய்வது?

இரண்டு முழு எண் வகை எண்களை வகுக்கும்போது 3.5 வருகிறது. வைக்க இடமில்லை. மென்பொருள் ஏதாவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நடைமுறையில் இருக்கும் முடிவுகள் நான்கு:

1. தசமப் பகுதியை வெட்டிவிடுவது. விடை பூச்சியத்தை நோக்கி நகரும். 7/2 = 3, -7/2 = -3, -4/3 = -1. சி, ஜாவா, ஃபோர்ட்ரான் ஆகியவற்றின் வழி இது. எக்ஸ்86 செயலியின் வகுத்தல் கட்டளையும் இப்படித்தான் செய்கிறது.

2. கீழே இறக்குவது. எப்போதும் சிறிய எண்ணின் பக்கம். 7/2 = 3, -7/2 = -4, -4/3 = -2. பைத்தான் மொழியின் இரட்டைச் சாய்கோடு "//" இதைச் செய்கிறது.

3. அருகில் உள்ள முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்வது. 7/2 = 4, -7/2 = -4, -4/3 = -1. சரியாகப் பாதியில் நின்றால் பூச்சியத்தை விட்டு விலகிப் போகும். மேட்லேப்பும், அதைப் பின்பற்றும் ஆக்டேவும் முழு எண் வகைக்கு இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன.

4. எதையும் தூக்கி எறியாமல் விடையின் வகையை மாற்றிவிடுவது. பைத்தான் 3, ஆர், ஜூலியா ஆகிய மொழிகள் 7/2-க்கு 3.5 என்ற டபுளைத் தருகின்றன. மேத்தமேட்டிகா, மேப்பிள் போன்ற கணித மென்பொருள்கள் 7/2 என்ற பின்னத்தை அப்படியே வைத்துக்கொள்கின்றன.

மிகை எண்களை மட்டும் வைத்துச் சோதிக்கிறவருக்கு முதல் இரண்டு வழிகளும் ஒன்றாகவே தெரியும். மைனஸ் எண் உள்ளே வரும் நாளில்தான் வேறுபாடு வெளியே வரும்.

## மேட்லேப்புக்குள் நடப்பது

32 பிட் வரையிலான வகைகளுக்கு மேட்லேப் பின்பற்றும் வரிசை எளிமையானது. முதலில் இரண்டு எண்களையும் டபுளாகப் பாவித்து வகுக்கிறது. அப்புறம் வந்த விடையை அருகில் உள்ள முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்கிறது. அது அந்த வகையின் எல்லையைத் தாண்டினால் எல்லையிலேயே நிறுத்திவிடுகிறது. அவ்வளவுதான்.

இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. வெட்டினால் பிழை கிட்டத்தட்ட 1 வரை போகலாம். ரவுண்ட் செய்தால் 0.5-ஐத் தாண்டாது. ஒலி, ஒளிப்படம் போன்ற அளவீடுகளுக்கு, விடை உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அங்கே ரவுண்ட் செய்வது நல்ல தேர்வு. 0.3/0.1 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டபுளில் அதற்கு விடை 2.9999999999999996. சி மொழியில் அதை முழு எண்ணாக மாற்றினால் 2 கிடைக்கும், மேட்லேப்பில் 3 கிடைக்கும். நமக்கு வேண்டியதும் 3-தான்.

ஆனால் முழு எண்களை வகுக்கிறவர் எல்லோரும் அளவீடு செய்கிறவர் இல்லை. எண்ணிக்கை, குறியெண், நேரம் ஆகியவற்றைப் பிரிக்கிறவருக்கு ஈவுதான் வேண்டும். அங்கே ரவுண்ட் செய்வது கணக்கின் அடித்தளத்தையே உடைத்துவிடுகிறது. 7-க்கும் 2-க்கும் மேட்லேப் தரும் "ஈவு" 4. மாட் என்ற மீதிக் கட்டளை தருவது 1. பள்ளி உறவில் போட்டால் 2 × 4 + 1 = 9. நாம் தொடங்கியது 7-இல். வகுத்தலுக்கு ஒரு விதியும் மீதிக்கு வேறு விதியும் இருப்பதால் வரும் முரண்பாடு இது.

நடைமுறையில் இது எப்படித் தலைகாட்டும் என்பதற்குச் சில கணக்குகள்.

நேரத்தைப் பிரிப்பது. 7000 வினாடிகள் எத்தனை மணி, நிமிடம், வினாடி? சரியான விடை 1 மணி 56 நிமிடம் 40 வினாடி. 7000 இன்ட்32 வகையில் இருந்தால், 7000/3600 = 1.94, அது 2 ஆகிவிடும். மீதி 3400. அதை 60-ஆல் வகுத்தால் 56.67, அது 57 ஆகும். கடைசி மீதி 40. திரையில் 2 மணி 57 நிமிடம் 40 வினாடி என்று வரும். அதே நிரலை 5000 வினாடிகளுக்கு ஓட்டிப் பாருங்கள். 1.39 என்பது 1 ஆகிறது, 23.33 என்பது 23 ஆகிறது, மீதி 20. விடை 1 மணி 23 நிமிடம் 20 வினாடி, முற்றிலும் சரி. சோதனைக்கு 5000-ஐத் தேர்ந்தெடுத்தவர் நிரல் நன்றாக ஓடுகிறது என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தசமப் பகுதி பாதிக்குக் கீழே இருக்கும்வரை ரவுண்ட் செய்வதும் வெட்டுவதும் ஒரே விடையைத் தருகின்றன. ஆகவே இந்தப் பிழை எல்லா உள்ளீடுகளுக்கும் வராது. நிரல் அவ்வப்போது சரியாக நடந்துகொள்வதால்தான் இதைப் பிடிப்பது இத்தனை கடினம்.

விழுக்காடு. 80-இல் 37 எத்தனை விழுக்காடு? 37/80*100 என்று முழு எண் வகையில் எழுதினால், முதலில் 0.4625 வந்து 0 ஆகிவிடும், விடை 0. அதுவே 45/80*100 என்றால் 0.5625 வந்து 1 ஆகும், விடை 100. இடையில் எதுவுமே கிடையாது. சி மொழியில் இதே தவறைச் செய்தால் எல்லாமே 0 ஆகும், உடனே கண்ணில் படும். இங்கே 0-உம் 100-உம் கலந்து வருவதால், தரவே அப்படித்தானோ என்று நம்பத் தோன்றுகிறது.

பாதி பாதியாகத் தேடுவது. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒன்றைத் தேட, நடு இடத்தைப் பார்த்து, தேவையில்லாத பாதியை விட்டுவிடும் முறை எல்லோரும் அறிந்தது. நடு இடம் (கீழ் + மேல்)/2. டபுளில் எழுதினால் 3.5-ஆவது இடம் என்று ஏதாவது வந்து, அப்படி ஓர் இடம் இல்லை என்று மேட்லேப் நிறுத்திவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் போக்க எண்களை இன்ட்32-ஆக மாற்றுகிறார்கள். செய்தி போய்விடும், வேறொன்று வந்து சேரும். கீழ் எல்லை 3, மேல் எல்லை 4 என்றால் நடு இடம் 3.5, அது 4 ஆகிறது. வழக்கமான நிரலில் "தேடுவது நடு இடத்திலோ அதற்கு முன்போ இருந்தால் மேல் எல்லையை நடு இடத்துக்குக் கொண்டு வா" என்று இருக்கும். மேல் எல்லை ஏற்கெனவே 4. எதுவும் மாறாது. லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி, முடிவில்லாமல் சுற்றும். சி மொழியில் நடு இடம் 3 ஆகியிருக்கும், லூப் முடிந்திருக்கும். பாடப்புத்தக நிரலை வரிக்கு வரி சரியாக மாற்றி எழுதியவரும் இதில் மாட்டிக்கொள்வார்.

இரண்டு படங்களின் சராசரி. ஒரு புள்ளியின் ஒளி அளவு ஒரு படத்தில் 200, இன்னொன்றில் 100. சராசரி 150 ஆக வேண்டும். யுஇன்ட்8 வகையில் 200 + 100 கூட்டினால் எல்லையான 255-இல் நின்றுவிடும். அதை 2-ஆல் வகுத்தால் 127.5, அது 128 ஆகும். கூட்டுவதற்கு முன்பே வகுத்துவிடலாம் என்று 200/2 + 100/2 எழுதினால் 150 கிடைக்கும். ஆனால் இரண்டும் 101 ஆக இருந்தால் 51 + 51 = 102. ஒற்றைப்படை எண் வரும் ஒவ்வொரு முறையும் விடை மேல்நோக்கி நகரும். படம் முழுக்க லேசாக வெளுக்கும். பைத்தானின் நம்பை நூலகத்தில் இதே கூட்டல் எல்லையில் நிற்காது. 256-ஐக் கழித்துக்கொண்டு மீண்டும் தொடங்கி 44 ஆகிவிடும். மேட்லேப்பின் நடத்தை அதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் இரண்டுமே தவறான விடைகள்.

பூச்சியத்தால் வகுப்பதையும் சொல்ல வேண்டும். இன்ட்32 வகையில் 5/0 கொடுத்தால் 2147483647 வரும். டபுளில் அது முடிவிலி. முடிவிலியை இன்ட்32-க்குள் அடக்கும்போது எல்லையில் நிற்கிறது. 0/0 கொடுத்தால் 0 வரும். இரண்டுக்கும் எச்சரிக்கை கிடையாது. பின்னால் வரும் வரிகளுக்கு அந்த 0 ஒரு சாதாரண 0-தான். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

## நான் இன்ட்32 என்று எழுதவே இல்லையே?

பலருக்கும் வரும் கேள்வி இது. முழு எண் வகையை அவர்கள் கேட்டுப் பெறுவதில்லை, அது வேறெங்கிருந்தோ வந்து சேர்கிறது. வரும் வழிகள் சில:

1. படத்தைப் படிக்கும் ஐஎம்ரீட் கட்டளை, பெரும்பாலான படங்களை யுஇன்ட்8 வகையில் தருகிறது.

2. கோப்பைப் படிக்கும் எஃப்ரீட் கட்டளை தானாக டபுளாக மாற்றித் தரும். ஆனால் நினைவகத்தை மிச்சப்படுத்த "மூல வகையிலேயே கொடு" என்று யாராவது ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்திருந்தால், வந்தவை எல்லாம் முழு எண் வகை.

3. கருவிகள், உணரிகள், வேறு மொழியில் எழுதிய நூலகங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் தரவு.

வந்த பிறகு அது பரவும் விதம்தான் முக்கியம். பெரும்பாலான மொழிகளில் முழு எண்ணையும் தசம எண்ணையும் கலந்தால், தகவல் தொலையாமல் இருக்க விடை தசம வகையாகும். சி மொழியில் 7/2.0 என்பது 3.5. மேட்லேப்பில் இது தலைகீழ். இன்ட்32(7)/2.0 கொடுத்தால் விடை இன்ட்32 வகையில் 4. இன்ட்32(3)*0.1 கொடுத்தால் 0. ஒரு பட்டியலில் இன்ட்32(5)-ஐயும் 2.7-ஐயும் சேர்த்து வைத்தால், 2.7 சத்தமில்லாமல் 3 ஆகிவிடும். ஒரே ஒரு முழு எண் வகை மாறி, தொட்டவற்றையெல்லாம் தன் வகைக்கு மாற்றிக்கொண்டே போகிறது. "2 என்று எழுதாமல் 2.0 என்று எழுது" என்று சி மொழிக்காரர்கள் சொல்லும் பழைய அறிவுரை இங்கே பலிக்காது.

இன்ட்32-ஐயும் இன்ட்16-ஐயும் கலந்தால் மட்டும் மேட்லேப் பிழை என்று சொல்லி நிறுத்துகிறது. அந்தக் கண்டிப்பு டபுளோடு கலக்கும்போதும் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

## மற்றவர்கள் எடுத்த முடிவுகள்

இதில் மிக நீண்ட கதை பைத்தானுடையது. பைத்தான் 2-இல் 7/2 என்றால் 3, 7/2.0 என்றால் 3.5. ஒரு சூத்திரத்தை எழுதி வைத்துவிட்டு, அதற்குள் யார் எந்த வகை எண்ணை அனுப்புவார்கள் என்று தெரியாமல் இருப்பதே பெரிய சிக்கல் என்று 2001-இல் ஒரு முன்மொழிவு வந்தது. அதன் எண் 238. இரண்டு செயல்களுக்கு இரண்டு குறிகள் வேண்டும் என்பது அதன் சாரம். "/" எப்போதும் உண்மையான வகுத்தல், "//" எப்போதும் கீழே இறக்கிய ஈவு. அதே ஆண்டு வெளிவந்த பைத்தான் 2.2-இல் விரும்பியவர்கள் புதிய விதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். எல்லோருக்கும் அதுவே விதியானது 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1 அன்று. ஒரு சாய்கோட்டின் பொருளை மாற்ற இத்தனை ஆண்டுகள்! தொடக்கத்தில் எடுக்கும் முடிவை அப்புறம் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பைத்தானில் மீதியும் (அதற்கான குறி "%") ஈவோடு ஒத்துப்போகிறது. -7//2 = -4, -7%2 = 1; 2 × (-4) + 1 = -7. உறவு உடையவில்லை. கடிகாரம், நாள்காட்டி போன்ற சுழலும் கணக்குகளுக்கு இது வசதி. நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு என்பதை -1 என்று கொடுத்தால், -1%24 = 23 என்று சரியான மணியைத் தரும். சி மொழியில் அதே கணக்கு -1 என்றே நிற்கும்.

ஜூலியா இன்னும் தெளிவாகப் பிரித்திருக்கிறது. "/" தசமம் தரும். "÷" வெட்டிய ஈவு தரும். கீழே இறக்க ஒரு கட்டளை, மேலே ஏற்ற ஒரு கட்டளை. இரட்டைச் சாய்கோடு "//" அங்கே பின்னத்தை உருவாக்கும் குறி. பைத்தானிலிருந்து ஜூலியாவுக்கு வருகிறவர் 7//2 எழுதிவிட்டு 3-ஐ எதிர்பார்த்தால், ஏழின் கீழ் இரண்டு என்ற பின்னம் அப்படியே கிடைக்கும். பின்சாய்கோடும் இப்படித்தான். பாரி என்ற எண் கோட்பாட்டு மென்பொருளில் 7\2 என்றால் ஈவு, அதாவது 3. மேட்லேப்பில் 7\2 என்றால் 2-ஐ 7-ஆல் வகுப்பது, விடை 0.2857.

ஃபோர்ட்ரானில் ஒரு பழைய பொறி இன்றும் ஆட்களைப் பிடிக்கிறது. கனமூலம் கண்டுபிடிக்க எக்ஸ்**(1/3), அதாவது எக்ஸின் 1/3-ஆவது அடுக்கு, என்று எழுதுவார்கள். 1/3 முழு எண் வகுத்தல் என்பதால் 0. எந்த எண்ணின் 0-ஆவது அடுக்கும் 1. ஆகவே எந்த எண்ணைக் கொடுத்தாலும் கனமூலம் 1.

தரவுத்தள மொழியிலும் ஒற்றுமை இல்லை. போஸ்ட்கிரெஸ் 7/2-க்கு 3 தருகிறது, மைஎஸ்கியூஎல் 3.5000 தருகிறது.

பின்னத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் மேத்தமேட்டிகா, மேப்பிள் வகை மென்பொருள்களில் எந்தத் தகவலும் தொலைவதில்லை. அதற்கு வேறு விலை உண்டு. 2-இன் வர்க்கமூலத்தை, விடையைப் படிப்படியாக நெருங்கும் நியூட்டன் முறையில் 1-இலிருந்து தொடங்கிக் கண்டுபிடித்தால், வரும் பின்னங்கள் 3/2, 17/12, 577/408, 665857/470832. ஒவ்வொரு அடியிலும் இலக்கங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 20-ஆவது அடியில் பின்னத்தின் பகுதியில் (கீழ் எண்ணில்) மட்டும் சுமார் 4 லட்சம் இலக்கங்கள் இருக்கும். தொடக்கத்தில் 1 என்பதற்குப் பதிலாக 1.0 என்று எழுதியிருந்தால் அத்தனையும் டபுளில் ஒரு நொடியில் முடிந்திருக்கும். நிரல் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று தேடுகிறவர்கள், பல நேரம் இந்த ஒரு புள்ளியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

## தசமத்துக்கு மாறினால் தப்பித்துவிடலாமா?

முழுக்க இல்லை. இரண்டு இடங்களில் டபுளும் காலை வாரும்.

1. பெரிய எண்கள். 53 பிட் துல்லியத்தைத் தாண்டிய முழு எண்களை டபுள் அப்படியே வைக்க முடியாது. பைத்தானில் 9007199254740993-ஐ "/" கொண்டு 1-ஆல் வகுத்தால் 9007199254740992.0 வரும். ஓர் எண்ணை 1-ஆல் வகுத்து வேறு எண் கிடைக்கிறது! "//" கொண்டு வகுத்தால் சரியான விடை வரும். வகுத்துவிட்டு முழு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பழக்கம் பெரிய எண்களில் தோற்பது இங்கேதான்.

2. தசமங்களின் ஈவு. பைத்தானில் 1/0.1 = 10.0. ஆனால் 1//0.1 = 9.0. டபுளில் 0.1-ஐச் சரியாக எழுத முடியாது. உள்ளே இருப்பது 0.1-ஐவிட மிக மிகச் சற்றே பெரிய எண். அதனால் அது 1-க்குள் முழுமையாகப் பத்து முறை அடங்காது. "//" அந்த உண்மையான மதிப்பைப் பார்த்துக் கீழே இறக்குகிறது. "/" விடையை அருகில் உள்ள டபுளுக்கு ரவுண்ட் செய்வதால் 10 ஆகிறது.

## பிழையைப் பிடிப்பதும் திருத்துவதும்

1. முதலில் வகையைப் பாருங்கள். மேட்லேப்பில் கிளாஸ் கட்டளை, பைத்தானில் டைப், ஜூலியாவில் டைப்ஆஃப். மதிப்பை மட்டும் அச்சிட்டுப் பார்த்தால் 7 என்றுதான் தெரியும். அது எந்த 7 என்று தெரியாது. விடை வந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போய், வகை எங்கே மாறியது என்று தேடுவதுதான் குறுக்கு வழி.

2. வேண்டியது தசம விடை என்றால், தரவு உள்ளே வரும் வாசலிலேயே டபுளாக மாற்றிவிடுங்கள். வகுத்த பிறகு மாற்றினால் பயனில்லை, தொலைந்த அரை திரும்ப வராது. படங்களுக்கு நினைவகம் எட்டு மடங்காகும் என்பது உண்மைதான். பெரும்பாலான வேலைகளுக்கு அதைத் தாங்கலாம்.

3. வேண்டியது ஈவு என்றால் "/" குறியைத் தொடவே வேண்டாம். மேட்லேப்பில் ஐடிவைட் என்ற கட்டளை இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் அது தசமப் பகுதியை வெட்டும். கீழே இறக்கு, மேலே ஏற்று, ரவுண்ட் செய் என்று வேறு வழியும் கேட்கலாம். வெட்டிய ஈவுக்கு ஜோடி ரெம் என்ற மீதிக் கட்டளை. கீழே இறக்கிய ஈவுக்கு ஜோடி மாட். மாற்றி ஜோடி சேர்த்தால் மைனஸ் எண்களில் பழைய முரண்பாடே திரும்ப வரும். மேலே பார்த்த வினாடிக் கணக்கும், பாதி பாதியாகத் தேடும் லூப்பும் இந்த ஒரு மாற்றத்தில் சரியாகிவிடும்.

4. முழு எண் வகையிலேயே விழுக்காடு போட வேண்டியிருந்தால், முதலில் பெருக்கி அப்புறம் வகுங்கள். 37*100/80 என்றால் 46.25 வந்து 46 ஆகும். ஆனால் பெருக்கல் அந்த வகையின் எல்லைக்குள் நிற்குமா என்று பார்க்க வேண்டும். யுஇன்ட்8-இல் 3700 என்பது 255-இல் நின்று, கடைசி விடை 3 ஆகிவிடும்.

5. நிரலை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, புதிய மொழியில் முழு எண் வகையில் மூன்று கணக்குகளைப் போட்டுப் பாருங்கள்: 7/2, -7/2, 5/2. விடைகள் 3, -3, 2 என்றால் அந்த மொழி வெட்டுகிறது. 3, -4, 2 என்றால் கீழே இறக்குகிறது. 4, -4, 3 என்றால் ரவுண்ட் செய்து, பாதியில் நின்றால் பூச்சியத்தை விட்டு விலகுகிறது. 4, -4, 2 என்றால் ரவுண்ட் செய்து, பாதியில் இரட்டைப்படை எண்ணுக்குப் போகிறது. தசமம் வந்தால் ஈவுக்கு வேறு குறியைத் தேட வேண்டும். மீதியின் விதியைத் தெரிந்துகொள்ள -7-ஐ 2-ஆலும், 7-ஐ -2-ஆலும் வகுத்து மீதியை மட்டும் கேளுங்கள். வெட்டும் மொழியில் -1, 1 வரும். கீழே இறக்கும் மொழியில் 1, -1 வரும். மீதி ஒருபோதும் மைனஸ் ஆகாது என்ற எண் கோட்பாட்டு விதியைப் பின்பற்றும் மென்பொருளில் 1, 1 வரும்.